காய்கறியில் பூச்சிமருந்து இருக்கிறதா? வீட்டுக் கருவிகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

ஞாயிற்றுக்கிழமை காலை சிரம்பான் சந்தைக்குப் போய் ஒரு கட்டு சாவி கீரை, அரை கிலோ பயத்தங்காய், கொஞ்சம் கொத்தமல்லி வாங்கி வருகிறீர்கள். பையைத் திறந்ததும் பாட்டி கேட்கும் முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. "மருந்தடிச்ச காயா? பாத்துத்தான் வாங்குனியா?"

பார்த்து வாங்குவது என்றால் எதைப் பார்ப்பது? இலையில் ஓட்டை இருந்தால் மருந்து அடிக்கவில்லை என்பார்கள் சிலர். ஓட்டை விழுந்த பிறகு அடித்திருக்கலாமே. மோந்து பார் என்பார்கள் சிலர். பெரும்பாலான மருந்துகளுக்கு, காயில் தங்கும் அளவில், வாசனையே கிடையாது. இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் உங்கள் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வருகிறது. பேனா மாதிரி ஒரு கருவி, அதைத் தக்காளியில் குத்துகிறார்கள், பச்சை விளக்கு எரிகிறது, "பாதுகாப்பானது" என்று திரையில் எழுத்து. வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள். இணையக் கடைகளில் "பூச்சிக்கொல்லி கண்டறியும் கருவி" என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் நம்பத் தகுந்தது. அதுவும் எந்த மருந்தைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரியாமல் பயன்படுத்தினால் தவறான நிம்மதியைத்தான் தரும். நெகிரி செம்பிலான் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிக் கதையும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

குத்திப் பார்க்கும் கருவி உண்மையில் எதை அளக்கிறது?

ஊசி வைத்த கருவிகளில் மிகவும் பரவலானது 'கிரீன்டெஸ்ட்' என்ற பெயரில் விற்கப்படும் வகை. இது அளப்பது பூச்சிமருந்தை அல்ல, நைட்ரேட்டை. அதையும் நேரடியாக அளப்பதில்லை. காய்க்குள் ஊசியைச் செருகி, அதன் சாறு மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்று பார்க்கிறது. சாற்றில் உப்புச் சத்து அதிகம் இருந்தால் மின்கடத்தல் அதிகம். அதிலிருந்து நைட்ரேட் இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது.

நைட்ரேட் உரத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் செடிக்கு வருவது. கீரை வகைகளில் இயல்பாகவே அதிகம் இருக்கும். பசலைக் கீரைக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச வரம்பே கிலோவுக்கு 3,500 மில்லிகிராம். இயற்கை உரம் மட்டும் போட்டு வளர்த்த கீரையிலும் நைட்ரேட் இருக்கும். நேற்று மருந்தடித்த மிளகாயில் நைட்ரேட் குறைவாகவும் இருக்கலாம். ஆகவே அந்தப் பச்சை விளக்குக்கும் பாட்டியின் கேள்விக்கும் தொடர்பே இல்லை. கருவி பொய் சொல்லவில்லை. விற்பவர்கள்தான் அதன் வாயில் வேறு வார்த்தையைத் திணிக்கிறார்கள்.

இரண்டாவது வகை, ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பது. 2014-இல் இஸ்ரேலிய நிறுவனம் ஒன்று 'சியோ' என்ற உள்ளங்கை அளவுக் கருவியை அறிமுகப்படுத்தி, கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடமிருந்து 27 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டியது. அகச்சிவப்புக்கு நெருக்கமான ஒளியைப் பொருளின் மேல் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கணிக்கும் தொழில்நுட்பம் அது. ஒரு பழத்தில் சர்க்கரை எவ்வளவு, நீர் எவ்வளவு என்பது போன்ற கேள்விகளுக்கு இந்த முறை நன்றாகவே பதில் சொல்லும். ஏனென்றால் சர்க்கரையும் நீரும் பழத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்ற கணக்கில் இருப்பவை. பூச்சிமருந்து எச்சம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே என்ற கணக்கு. கடலில் ஒரு படகைத் தேடும் கண்ணாடியை வைத்துக்கொண்டு கடுகைத் தேட முடியாது.

மிச்சம் இருப்பது காகித அட்டை. பார்க்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். ஆனால் மூன்றிலும் விஷயம் உள்ளது இதுதான்.

வெள்ளை வட்டம், சிவப்பு வட்டம்

அட்டையில் இரண்டு சிறு வட்டங்கள் ஒட்டியிருக்கும். வெள்ளை வட்டத்தில் ஓர் என்சைம், அதாவது நொதி, காய்ந்த நிலையில் இருக்கும். அதன் பெயர் கோலின்எஸ்ட்ரேஸ். சிவப்பு வட்டத்தில் அந்த நொதிக்குத் தீனி. நொதி உயிரோட்டமாக இருந்தால் தீனியை உடைக்கும். உடைந்ததும் நீல நிறம் வரும். நொதி முடங்கிப் போயிருந்தால் நிறம் மாறாது, வெள்ளையாகவே இருக்கும்.

செய்முறை எளிது. காயைச் சிறு துண்டுகளாக வெட்டி ஐந்து கிராம் எடுங்கள். கூடவே வரும் கரைசலில் பத்து மில்லிலிட்டர் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, மேலே தெளிந்த நீரில் இரண்டு மூன்று துளியை வெள்ளை வட்டத்தில் விடுங்கள். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வட்டம் காயக் கூடாது. பிறகு அட்டையை மடித்து, சிவப்பு வட்டம் வெள்ளையின் மேல் படும்படி மூன்று நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உடல் சூடு, கிட்டத்தட்ட 37 டிகிரி, இதற்குத் தேவை. அதனால்தான் விரலால் பிடிப்பது. குளிர்சாதன அறையில் வைத்துச் செய்தால் நேரம் கூடும். நீலம் வந்தால் நொதி வேலை செய்கிறது. வெளிர் நீலமோ வெள்ளையோ என்றால் ஏதோ ஒன்று அதைத் தடுத்திருக்கிறது.

அந்த 'ஏதோ ஒன்று' பெரும்பாலும் இரண்டு மருந்துக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தது. ஒன்று ஆர்கனோபாஸ்பேட்: குளோர்பைரிஃபோஸ், மாலத்தியான், டைமெத்தோயேட், மெத்தமிடோபோஸ் எல்லாம் இதில் அடங்கும். இன்னொன்று கார்பமேட்: கார்போஃபியூரான், கார்பரில் போன்றவை.

இப்போது கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கோலின்எஸ்ட்ரேஸ் என்பது அட்டைக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் இல்லை. அது உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. ஒரு நரம்பு தசைக்கு 'அசை' என்று சொல்ல அசிட்டைல்கோலின் என்ற இரசாயனத்தை விடுகிறது. சொல்லி முடிந்ததும் அதை உடைத்துத் துடைத்து வைப்பதுதான் கோலின்எஸ்ட்ரேஸின் வேலை. துடைக்க ஆள் இல்லாவிட்டால் சொன்னதே திரும்பத் திரும்பக் கேட்கும். பூச்சி துடிதுடித்துச் சாவது இப்படித்தான். மனிதருக்கு அளவு மிஞ்சினால் எச்சில் ஊறும், கண்ணில் நீர் வழியும், கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு திணறும். அட்டையில் நீலம் வராமல் போவதும் மருந்தடித்தவர் வயலில் மயங்கி விழுவதும் ஒரே வேதிவினைதான்.

இந்த முறையைச் சந்தைகளுக்குக் கொண்டு போனதில் தைவான் முன்னோடி. 1980-களில் அங்குள்ள வேளாண் ஆய்வுக் கழகம், வீட்டு ஈயிலிருந்து எடுத்த இதே நொதியைக் கொண்டு ஒரு விரைவுச் சோதனையை உருவாக்கியது. காய்கறி ஏலத்துக்குப் போகும் முன்பே முடிவு தெரிந்துவிடும். தாய்லாந்தில் இதே அடிப்படையில் அமைந்த 'ஜிடி' என்ற சோதனைப் பெட்டியைச் சந்தைகளில் பயன்படுத்துகிறார்கள். சீனாவில் அட்டை முறைக்கு 2003-இலேயே தேசியத் தரநிலை வந்தது. நமக்கு ஆன்லைனில் கிடைக்கும் அட்டைகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை.

அட்டை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும்?

மலேசியாவில் உணவில் எவ்வளவு மருந்து எச்சம் இருக்கலாம் என்பதை 1983 உணவுச் சட்டத்தின் கீழ் வந்த 1985 உணவு விதிமுறைகள் சொல்கின்றன. பதினாறாவது அட்டவணையில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி வரம்பு உண்டு. தனி வரம்பு எதுவும் குறிப்பிடப்படாத மருந்துக்குப் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பத்து டன் ஏற்றிய லாரிகள் பத்து வந்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை காய்கறியிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம். அதுதான் 0.01.

சீனத் தரநிலையில் அட்டையின் கண்பார்வை எவ்வளவு என்றும் எழுதப்பட்டிருக்கிறது. கார்போஃபியூரான் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால்தான் அட்டைக்குத் தெரியும். மாலத்தியான் 2 மில்லிகிராம். மெத்தமிடோபோஸ் 1.7. டைமெத்தோயேட் 1.3. கார்போஃபியூரானை மட்டும் எடுத்துக்கொண்டால், நம் பொது வரம்பைப் போல 50 மடங்கு இருந்தால்தான் அட்டை வாயைத் திறக்கும். அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் அழகான நீலம்தான்.

ஆக, அட்டை நீலம் என்றால் 'மருந்து இல்லை' என்று பொருள் அல்ல. 'இந்த இரண்டு குடும்பத்து மருந்து, ஆளை உடனே சாய்க்கும் அளவுக்கு இல்லை' என்பதற்குக் கிட்டே வரும் ஒரு பொருள். அட்டை உருவாக்கப்பட்டதே அதற்காகத்தான். காலையில் மருந்தடித்து மாலையில் சந்தைக்கு வந்த கீரையைத் தின்று ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போவதைத் தடுக்க. அந்த வேலைக்கு அது நல்ல கருவி. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக உடலில் சேர்வதைப் பற்றிய கவலைக்கு அது பதில் இல்லை.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. குளோர்பைரிஃபோஸ், மாலத்தியான் போன்றவை பாட்டிலில் இருக்கும் வடிவத்தில் நொதியைப் பெரிதாகத் தாக்குவதில்லை. நம் கல்லீரல் அவற்றை உருமாற்றிய பிறகுதான் முழு வீரியத்துக்கு வருகின்றன. அட்டைக்குக் கல்லீரல் கிடையாது. அது லேசாகப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லும் மருந்து, வயிற்றுக்குள் போனபின் வேறு முகம் காட்டும்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். வெங்காயத் தாள், பூண்டு, முள்ளங்கி, கொத்தமல்லி, காளான், தக்காளி ஆகியவற்றின் சாற்றில் இயல்பாகவே இந்த நொதியைக் குழப்பும் பொருள்கள் உண்டு. அவற்றை வெட்டிச் சோதித்தால் மருந்தே அடிக்காவிட்டாலும் அட்டை வெள்ளையாக நிற்கலாம். நம் சமையலறையில் பாதிக் கூடை இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது! இவற்றை வெட்டாமல் முழுசாகக் கரைசலில் அலசி, அலசிய நீரைச் சோதிப்பதுதான் முறை. எப்போதும் ஒரு வெற்று அட்டையையும் கூடவே செய்யுங்கள்: காய் எதுவும் போடாமல் கரைசல் மட்டும். அது நீலமாகாவிட்டால் அட்டையே கெட்டுப்போய்விட்டது. நொதி உயிர்ப்பொருள், நம் ஊர் வெக்கையில் வெளியே கிடந்தால் செத்துவிடும். தபாலில் எத்தனை நாள் எந்த வேனில் கிடந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

தோட்டத்து மருந்தை அட்டை பார்க்குமா?

இப்போது நெகிரி செம்பிலானுக்கு வருவோம். சுவா பெத்தோங், ஜெராம் பாடாங், கெடிஸ்... இந்தப் பெயர்களை இன்றைக்கு ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஆனால் உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ அங்கே பெரட்டுக்கு நின்றவர்களாக இருக்கலாம். பால்மரம் சீவுவது ஆண், பெண் இருவரும் செய்த வேலை. களைக்கு மருந்தடிக்கும் வேலை, குறிப்பாக செம்பனை வந்த பிறகு, பெரும்பாலும் பெண்களிடம் வந்து சேர்ந்தது. முதுகில் பம்பைச் சுமந்து, மரத்துக்கு மரம் வட்டம் போட்டு அடிக்க வேண்டும்.

தமிழில் அதை 'மருந்து' என்று சொல்லிப் பழகிவிட்டோம். மலாய்க்காரர்கள் நேராகவே 'ராச்சுன்' என்கிறார்கள், விஷம் என்று. இந்த ஒரு விஷயத்தில் மலாய்ச் சொல்தான் நியாயமானது என்று தோன்றுகிறது. மருந்து என்று பேர் வைத்த ஒன்றிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது கஷ்டம். காலியான மருந்து டின்னைக் கழுவி வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்த காலமும் இருந்தது.

என்ன மருந்து அது? ரப்பர் தோட்டங்களில் ஆரம்பத்தில் களைக்கு அடித்தது சோடியம் ஆர்சனைட், அதாவது ஆர்சனிக் சேர்ந்த பாஷாணம். 1960-களில் அதன் இடத்துக்குப் பாராகுவாட் வந்தது. பிறகு கிளைபோசேட், 2,4-டி போன்றவை. பாராகுவாட் பட்டால் நகம் நிறம் மாறி உதிரும், மூக்கில் ரத்தம் வரும், புண் ஆறாது. விழுங்கிவிட்டால் நுரையீரல் இறுகிப் போகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

மலேசியாவில் பாராகுவாட்டின் கதை நீளமானது. 1974 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் இயங்கும் வாரியம் 2002-இல் அதைத் தடை செய்ய முடிவெடுத்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1-இல். பதினெட்டு ஆண்டு. இடையில் பள்ளிக்குப் போன பிள்ளை வேலைக்கே போயிருக்கும்.

அந்த 2002-ஆம் ஆண்டில்தான் ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பும், பினாங்கிலிருந்து இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி செயல் வலையமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டன. 'நஞ்சூட்டப்பட்டு மௌனமாக்கப்பட்டவர்கள்' என்ற பொருள்படும் தலைப்பு அதற்கு. அந்தப் பெண்களின் ரத்தத்தில் பார்க்கப்பட்டது எது தெரியுமா? இதே கோலின்எஸ்ட்ரேஸ். உங்கள் அட்டையின் வெள்ளை வட்டத்தில் இருக்கும் அதே நொதி.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஆர்சனிக், பாராகுவாட், கிளைபோசேட், 2,4-டி, இவற்றில் எதுவும் கோலின்எஸ்ட்ரேஸைத் தடுக்கும் வகை அல்ல. கிளைபோசேட்டின் மூலக்கூறில் பாஸ்பரஸ் இருந்தாலும் அது இந்த நொதியைத் தொடுவதில்லை. ஆகவே பாட்டி ஆயுசுக்கும் அடித்த களைக்கொல்லியை அப்படியே ஒரு வெண்டைக்காய் மேல் தெளித்து அட்டையில் வைத்தால், அட்டை நீலமாகும். 'எல்லாம் சரி' என்று சொல்லும்.

தோட்டத்திலும் பூச்சிக்கொல்லிகள் உண்டு. 'உலாட் புங்குஸ்' என்று மலாயில் சொல்லும் பைப்புழு செம்பனை ஓலையைத் தின்னும்போது, மரத்தண்டில் துளையிட்டு மெத்தமிடோபோஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் செலுத்துவது வழக்கம். அதைத் தொட்டுப் புழங்கியவர்களின் ரத்தத்தில் நொதி குறைய வாய்ப்பு உண்டு. களைக்கு மட்டும் அடித்தவர்களின் பாதிப்பு நகத்திலும் தோலிலும் நுரையீரலிலும் இருக்கும். நொதிச் சோதனையில் தெரியாது. சோதனை நன்றாக வந்துவிட்டது என்பதற்காக 'உனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

தடை வந்த பிறகு அட்டைக்கு வேலை இருக்கிறதா?

2023 மே 1 முதல் மலேசிய விவசாயத்தில் குளோர்பைரிஃபோஸும் கார்போஃபியூரானும் தடை செய்யப்பட்டுள்ளன. இரண்டுமே அட்டை பார்க்கக்கூடிய குடும்பத்தைச் சேர்ந்தவை. தடையை மீறி யாராவது தாராளமாக அடித்திருந்தால் அட்டைக்கு வேலை உண்டு.

ஆனால் பழைய மருந்துகள் போகும்போது புதியவை வருகின்றன. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள், இமிடாகுளோப்ரிட் போன்ற நியோனிகோட்டினாய்டுகள், அபாமெக்டின், அவற்றோடு பூஞ்சைக்கு அடிக்கும் மருந்துகள். எவையும் இந்த நொதியோடு மோதுவதில்லை. மனிதருக்கு இவை பொதுவாகப் பழையதைவிட நஞ்சு குறைந்தவை என்பது உண்மை. அட்டைக்கு இவை கண்ணுக்கே தெரியாது என்பதும் உண்மை. ஒவ்வொரு தடைக்குப் பிறகும் அட்டை காணும் உலகம் கொஞ்சம் சுருங்குகிறது.

கோவிட் காலத்து ஆர்டிகே மாதிரி இரண்டு கோடு காட்டும் பட்டைகளும் இருக்கின்றன. இவை எதிர்ப்பொருளை வைத்து வேலை செய்பவை, அட்டையைவிடக் கூர்மையானவை. ஆனால் ஒரு பட்டை ஒரு மருந்தை மட்டும்தான், அல்லது நெருங்கிய சிலவற்றைத்தான் பார்க்கும். எந்த மருந்து அடித்திருப்பார்கள் என்று முன்பே தெரிந்த பண்ணைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் அது உதவும். சந்தையில் முகம் தெரியாதவரிடம் கீரை வாங்கும் உங்களுக்கு எந்தப் பட்டையை வாங்குவது என்றே தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆய்வகம்தான் வழி. காயை அரைத்து, கரைப்பானில் மருந்தைப் பிரித்தெடுத்து, நிறை நிறமாலைமானி என்ற இயந்திரத்தில் செலுத்தினால் ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடலாம், 0.01 மில்லிகிராம் வரைக்கும். அது ஒரு குடும்பம் வாராவாரம் தாங்கக்கூடிய செலவல்ல; அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. சுகாதார அமைச்சு சந்தைகளிலும் நுழைவாயில்களிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கிறது.

அப்போ, வாங்கலாமா வேண்டாமா?

நேரடியாகச் சொன்னால்: ஊசிக் கருவியும் ஒளிக் கருவியும் இந்த வேலைக்கு வேண்டாம். அட்டையை வாங்க ஆசைப்பட்டால் வாங்குங்கள், பள்ளி அறிவியல் செயல்திட்டத்துக்கு அருமையான பொருள். ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கழுவாமல் சாப்பிடத் துணிந்தால், அட்டை இல்லாமல் இருந்ததைவிட மோசமான நிலைக்குப் போகிறீர்கள்.

கழுவுவதைக் குறைவாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் கனெடிகட் வேளாண் சோதனை நிலையம் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஓடும் குழாய்த் தண்ணீரில் அலசுவது 12 மருந்துகளில் ஒன்பதின் அளவைக் குறைத்தது. காசு கொடுத்து வாங்கும் காய்கறிக் கழுவு திரவங்கள் வெறும் தண்ணீரைவிட மேலாகச் செய்யவில்லை. 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளைச் சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைத்தார்கள். லிட்டருக்குப் பத்து கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு. 12 முதல் 15 நிமிடத்தில் தோலின் மேலிருந்த இரண்டு மருந்துகளும் போய்விட்டன. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஒரு மருந்தில் 20 சதவீதம் ஏற்கனவே தோலுக்குள் இறங்கியிருந்தது. அதை எந்தத் தண்ணீரும் எடுக்காது, தோலைச் சீவினால்தான் போகும். இமிடாகுளோப்ரிட் போல வேர் வழியாகச் செடி முழுக்கப் பரவும் மருந்து என்றால் சீவியும் பயனில்லை. முட்டைக்கோஸின் வெளி இலைகளைக் கழற்றுவது, கீரையைக் கட்டோடு முக்காமல் பிரித்து அலசுவது, கொதிக்கும் நீரில் போட்டு நீரை வடிப்பது என்று பாட்டி செய்வதெல்லாம் மூடப்பழக்கம் இல்லை.

வாங்கும்போது 'மைகேப்' முத்திரையைத் தேடலாம். வேளாண் துறை பண்ணைகளுக்குத் தரும் சான்று அது. எந்த மருந்தை எப்போது அடித்தோம் என்று பண்ணை பதிவு வைத்திருக்க வேண்டும். 'மைஆர்கானிக்' என்றால் செயற்கை மருந்தே கூடாது. வீட்டுக்குப் பின்னால் நீங்களே கத்திரி, மிளகாய் போட்டிருக்கிறீர்களா? மருந்து பாட்டிலின் லேபிளில், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எழுதியிருக்கும். அந்த நாள் கணக்கை மதிப்பது நூறு அட்டைக்குச் சமம். தோட்டத்தை ஒட்டிய நிலம் என்றால், செம்பனைக்கு அடிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்றும் பாருங்கள். அதே பம்பைக் கழுவி வீட்டுச் செடிக்கு அடிக்க வேண்டவே வேண்டாம்.

அட்டை உண்மையிலேயே வெள்ளையாக நின்றுவிட்டால்? வெற்று அட்டை நீலமாகிறதா என்று பாருங்கள். அது நீலமாகி, காய் அட்டை இரண்டாவது தடவையும் வெள்ளையாகவே இருந்தால், அந்தக் காயைச் சாப்பிட வேண்டாம். மிச்சத்தைப் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். எங்கே, எப்போது வாங்கியது என்று குறித்துக்கொண்டு சுகாதார அமைச்சின் 'சிஸ்பா' புகார்த் தளத்தில் எழுதுங்கள், அல்லது மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போங்கள். வியாபாரியின் படத்தை முதலில் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். கொத்தமல்லிச் சாறு செய்த குழப்பத்துக்கு ஒருவரின் பிழைப்பு போகக் கூடாது. சாப்பிட்ட யாருக்காவது வாந்தி, அளவுக்கு மீறிய வியர்வை, எச்சில், பார்வை மங்கல் என்றால் அட்டையைத் தேடிக்கொண்டு இருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் தொலைபேசியில் ஆலோசனை தரும்.

விரல் நுனியில் ஒரு துளி

காய்க்கு இத்தனை கருவி தேடுகிறோம். மருந்தடிப்பவருக்கு?

தாய்லாந்தில் இருபது முப்பது ஆண்டுகளாக ஒரு எளிய முறை இருக்கிறது. விவசாயியின் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து, ரசாயனம் தோய்த்த காகிதத்தில் நிறத்தைப் பார்ப்பார்கள். இயல்பு, பாதுகாப்பு, அபாயம், பாதுகாப்பில்லை என்று நான்கு நிலை. அட்டையின் அதே அடிப்படை. நொதி காகிதத்தில் இருப்பதற்குப் பதிலாக ஆளின் ரத்தத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

அந்தச் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. கோலின்எஸ்ட்ரேஸ் ஆளுக்கு ஆள் இயல்பாகவே வேறுபடும். மருந்தடிக்கத் தொடங்கும் முன்பே அவரவர் அளவை எடுத்து வைத்தால்தான் பிறகு குறைந்ததா என்று சொல்ல முடியும். கலிபோர்னியா மாநிலத்தின் விதி இதை எண்ணில் சொல்கிறது: சிவப்பணுவில் உள்ள நொதி, ஆரம்ப அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேலை செய்யும் முறையைச் சோதிக்க வேண்டும். 70 சதவீதத்துக்கு இறங்கினால் அந்த ஆளை மருந்து வேலையிலிருந்து எடுத்தாக வேண்டும், நொதி திரும்ப ஏறும் வரை.

மலேசியாவில் ஆபத்தான இரசாயனங்களைக் கையாளும் தொழிலாளர்களுக்கு முதலாளி மருத்துவக் கண்காணிப்பு செய்ய வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. இன்று தோட்டங்களில் பம்பைச் சுமப்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். உங்கள் வீட்டில், தோட்டத்தில், பண்ணையில் யாராவது இந்த வேலைக்குப் போகிறவராக இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வேலைக்குச் சேர்ந்த அன்றே ரத்தம் எடுத்தார்களா, அந்த முடிவு எண்ணை உங்களிடம் கொடுத்தார்களா? எடுக்கவில்லை என்றால் மனிதவள அமைச்சின் கீழ் உள்ள தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் கேட்கலாம். சிரம்பானில் அதற்கு மாநில அலுவலகம் இருக்கிறது.